டாம் பிரேடி கல்லூரியில் பெஞ்சில்தான் இருந்தாரா?

டாம் பிரேடி அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவராக, ஆடியவர். அங்குள்ள தொழில்முறை லீக்கின் இறுதிப்போட்டிதான் சூப்பர் பவுல். "டாம் பிரேடி கல்லூரியில் பெஞ்சை விட்டு எழுந்ததே இல்லை, அவர்தான் 7 சூப்பர் பவுல் வென்றார். ஆகவே கல்லூரி ஆட்டத்தை வைத்து குவார்ட்டர்பேக்கை எடைபோடுவது வீண்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆரம்பத்தில் அவர் காத்திருந்தது உண்மைதான். ஆனால் 1998, 1999 இரண்டு சீசன்களிலும் ஆட்டத் தொடக்கத்திலேயே குவார்ட்டர்பேக்காகக் களமிறங்கியவர் அவரே. 25 ஆட்டங்களில் 20 வெற்றி. 1999-இல் அதே அணியின் இன்னொரு குவார்ட்டர்பேக் ட்ரூ ஹென்சனோடு களத்தைப் பங்குபோட நேர்ந்தது, அதுவும் சீசனின் முதல் பாதியில்தான். 2000 ஜனவரி 1 அன்று நடந்த ஆரஞ்சு பவுல் என்ற கல்லூரிப் போட்டியில் அலபாமா பல்கலைக்கழக அணியிடம் இரண்டு முறை 14 புள்ளிகள் பின்தங்கியும் அணியை மீட்டார். பந்தெறிந்து 369 கெஜம், 4 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் சேர்த்துப் புள்ளி பெறுவது). கூடுதல் நேரத்தில் 35-34 என மிச்சிகன் வென்றது. எவ்வளவு பெரிய ஆட்டம் அது!

சரி, அப்புறம் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் ஏன் 199-ஆவது இடம்? ஒல்லியான உடம்பு, 40 கெஜம் ஓட 5.28 விநாடி. அவருக்கு முன்பே 6 குவார்ட்டர்பேக்குகளை அணிகள் எடுத்துக்கொண்டன. நெருக்கடியில் அவர் காட்டிய நிதானம் கல்லூரி ஆட்டங்களிலேயே தெளிவாகத் தெரிந்தது. உடற்சோதனை எண்களுக்குத் தந்த மதிப்பை அணிகள் அதற்குத் தரவில்லை என்பதே என் கணிப்பு.