இது ஜெராக்ஸ் வேலை இல்லை

ஒரு மருத்துவமனையிலிருந்து வெளியே கசிந்து, நேற்றிலிருந்து எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் சுற்றும் ஒரு பெண்ணின் கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பு) படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். தயவுசெய்து இனி யாரும் எனக்கு அதை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் நான்கு பேர் "என்ன அநியாயம் பாருங்க" என்று மேலே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர், வயது, ஊர் எல்லாம் அப்படியே தெரிகிறது. அதை இன்னும் பத்து பேருக்குத் தள்ளிவிடுவதும் அநியாயம்தானே?

பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்ய வெளியே கொடுத்தோம், வேலைக்கு வந்த பையன் தவறு செய்துவிட்டான் என்று அந்த மருத்துவமனையில் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் எனக்கு ஆத்திரம் வந்தது. ஃபைல்களை மூட்டையாகக் கட்டி, பக்கத்துக்கு இத்தனை பைசா என்று பேசி, கையில் செல்போனோடு அவனை அதன் நடுவில் உட்கார வைத்தது யார்? கேஸ் ஷீட்டை ஸ்கேன் செய்வது ஜெராக்ஸ் வேலை இல்லை.

நான் ஒன்பது வருடம் ஒரு மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமில் இருந்தவள். பின்னைப் பிடுங்கித் தாளை மெஷினில் விடுவதோடு இந்த வேலை முடியாது. ஒருவர் ஃபைலில் இன்னொருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு சொருகியிருக்கும். பக்கத்துக்குப் பக்கம் ஐபி நம்பரை, அதாவது உள்நோயாளி எண்ணை, சரிபார்க்காமல் ஏற்றினால் அந்தத் தவறு கணினியில் நிலைத்துவிடும். இசிஜி தாள் வெளுத்துப் போயிருக்கும், அதை முதலில் எடுக்க வேண்டும். போலீஸ் கேஸ் ஃபைல்கள் மட்டும் தனி பீரோவில் இருக்கும். திறந்தால் நோட்டில் கையெழுத்து போட வேண்டும். அந்தப் பீரோ கணினியில் எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது? ஸ்கேன் வேலையைத் தொடங்கும் முன்பே இதற்குப் பதில் இருந்திருக்க வேண்டும்.

"அப்போ காகிதமே போதும்னு சொல்றீங்களா?" என்று ஒருவர் நேற்றே கேட்டுவிட்டார். இல்லை. என் அப்பாவுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. அது அவருடைய பழைய ஃபைலில் எழுதியிருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு அந்த ஃபைல் கிடைக்கவில்லை. ஊசி போட்டுவிட்டார்கள். முகமும் தொண்டையும் வீங்கி, மூச்சு வாங்கி, விடியும் வரை அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். கணினி வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

உள்நோயாளியின் பதிவை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதியே சொல்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த எச்ஐவி சட்டமும் மனநலச் சட்டமும் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. 2023இல் தனிநபர் தரவுச் சட்டமும் வந்தது. சட்டம் இல்லாத குறை இல்லை.

இப்போது ஆபா என்று 14 இலக்க சுகாதார அடையாள எண் கொடுக்கிறார்கள். ஒரு மருத்துவமனையில் உள்ள பதிவை இன்னொரு இடத்தில் பார்க்க நாம் சம்மதிக்க வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கவுண்டரில் என்ன நடக்கிறது? "ஓடிபி வரும், சொல்லுங்க." வரிசையில் பின்னால் முப்பது பேர். எதற்கு என்று கேட்காமல் பாட்டி சொல்லிவிடுகிறார். அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? அந்த எண் கட்டாயம் இல்லை என்றாவது அவரிடம் யாராவது சொன்னார்களா?

"டெல்லி எய்ம்ஸையே முடக்கிட்டாங்க, சின்ன ஆஸ்பத்திரி என்ன செய்யும்?" என்கிறார்கள். 2022 நவம்பரில் அங்கே கணினிகள் மீது இணையத் தாக்குதல் நடந்தது உண்மைதான். நாள் கணக்கில் பேப்பரில் எழுதித்தான் சமாளித்தார்கள். ஆனால் எல்லாக் கசிவும் வெளியிலிருந்து வருவதில்லை. சிங்கப்பூரில் 14,200 பேரின் எச்ஐவி விவரம் வெளியே போனது 2019இல் தெரியவந்தது. பதிவேட்டைப் பார்க்கும் உரிமை இருந்த ஒரு டாக்டருக்கு நெருக்கமானவர் கையில் அது இருந்தது. பூட்டை யாரும் உடைக்கவில்லை. யார், எப்போது, எந்த ஃபைலைத் திறந்தார்கள் என்பது கணினியில் பதிவாக வேண்டும், நோயாளி கேட்டால் காட்ட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

அப்புறம், "மறைக்க என்ன இருக்கு? தப்பு செஞ்சவங்கதான் பயப்படணும்" என்று எழுதியவருக்கு.

என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்தது. குழந்தையைத் தூக்கவே பயந்தாள். மாத்திரை சாப்பிட்டுத் தேறிக்கொண்டு வந்தாள். அவள் சிகிச்சைக்குப் போன மருத்துவமனையின் பில்லிங்கில் மாமியார் வழி உறவுப் பெண் ஒருத்தி இருந்தாள். பில் போடுகிறவளுக்கு டாக்டர் எழுதிய குறிப்பு எதற்குத் தெரிய வேண்டும்? தெரிந்தது. திரையைத் திறந்தால் எல்லாமே வந்தது. ஒரே வாரத்தில் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. "பைத்தியத்துக்கு மாத்திரை சாப்பிடுறவ கையில குழந்தையைக் கொடுக்காதே" என்றார்கள். அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் என்ன தப்பு செய்தாள், சொல்லுங்கள்?

நீயும் அந்த வேலையில்தானே இருந்தாய் என்று கேட்பீர்கள். இருந்தேன். ஒன்பது வருடத்தில் ஒரு பெயரைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. என்னைப் போலத்தான் அங்கே பலரும். அவர்களுக்குத் தெரியும், இது ஜெராக்ஸ் வேலை இல்லை என்று.

அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதினேன். முழுவதையும் போனில் படித்துக் காட்டினேன். இரண்டு வரிகளை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.