தனியாளாக நடந்தேன் என்பது சுத்தப் பொய்

நெடுந்தூரம் நடந்து முடித்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: "தனியாளா முடிச்சேன்" என்று சொல்லிக்கொள்வது. நானும் சொல்லியிருக்கிறேன், கூச்சமே இல்லாமல்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில் என்ற மலைக்காட்டு நடைபாதை, ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கடாடின் சிகரத்தில் முடிகிறது. 14 மாநிலங்கள், ஏறக்குறைய 3,500 கி.மீ. மரங்களில் தீட்டிய வெள்ளைப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். எடையைக் குறைக்கிறேன் என்று டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட வெட்டிவிட்டுக் கிளம்பியவன் நான். வேண்டியதெல்லாம் முதுகில் இருக்கிறது, யார் தயவும் தேவையில்லை என்ற மிதப்பு.

பென்சில்வேனியாவில் அது இறங்கியது. வழியெல்லாம் கூர்கூராக நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள். நடப்பவர்கள் அந்த மாநிலத்தை ராக்சில்வேனியா என்றுதான் சொல்வார்கள். என் இடது ஷூ வாயைப் பிளந்துவிட்டது. டேப் சுற்றினேன், ஒரு மணி நேரம் தாங்கியது. கயிறு கட்டினேன், அதுகூடத் தாங்கவில்லை. மழை வேறு. பாதை தார்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் உட்கார்ந்து ஷூவை முறைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும்.

"ஏறு" என்றார்.

நான் குளித்து எட்டு நாள். சீட் அழுக்காகிவிடும் என்று தயங்கினேன். "நாய் உட்கார்ற சீட்டுதான், ஏறுப்பா." வண்டி கிளம்பியதும் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார். மழைச்சாரல் அவர் தோளை நனைத்தது. நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே போய் ஒரு ஜோடி பூட்ஸோடு வந்தார். "என் வீட்டுக்காரரோடது. முட்டி போச்சு, இனிமே அவர் மலை ஏறப்போறதில்ல. பெருசா இருந்தா ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ."

நான் செய்த மடத்தனம், உடனே பர்ஸை எடுத்ததுதான். அவர் முகம் சுருங்கிப்போனது. நன்றியினால் எடுத்த பர்ஸ் இல்லை அது. கடன்பட்டு நிற்கப் பிடிக்கவில்லை, கணக்கைத் தீர்த்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன், அவ்வளவுதான். ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றி நடக்கும் யாத்திரை ஒன்று இருக்கிறது, சுமார் 1,200 கி.மீ. வழியில் ஊர்க்காரர்கள் எதைக் கொடுத்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்வதுதான் அங்கே மரியாதை. ஒசெத்தாய் என்று பெயர். பதிலுக்குத் தன் பெயர் எழுதிய சிறு சீட்டைக் கொடுத்தால் போதும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இப்படி உதவுகிறவர்களை டிரெயில் ஏஞ்சல் என்பார்கள், கிடைக்கிற உதவியை டிரெயில் மேஜிக் என்பார்கள். காட்டோரத்தில் குளிர்பானப் பெட்டியை வைத்துவிட்டுப் போவதையும் இதே கணக்கில் சேர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. (நானும் எடுத்துக் குடித்தவன்தான், மறுக்கவில்லை.) ஆளில்லாத பெட்டியைத் தேடிக் கரடி வரும், குப்பை சேரும். பிய்ந்த ஷூவைப் பார்க்கப் பெட்டிக்குக் கண் கிடையாது.

திரும்பக் கொண்டுவந்து விட்டார், என்னை ஏற்றிக்கொண்ட அதே இடத்தில். சாலையைக் கடந்து பாதை மறுபடி தொடரும் எதிர்ப்பக்கத்தில்கூட இல்லை. "ஒரு அடி விட்டுப்போனாலும் உங்களுக்கெல்லாம் தூக்கம் வராதே" என்றார். நான் இறங்கினேன், வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பெயரைக் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

வண்டி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மழை வலுத்திருந்தது. கண்ணாடியை அவர் இன்னும் ஏற்றவில்லை.