செட்ஷ்வாயோ: தோற்ற பிறகு தொடங்கிய போர்

தென்னாப்பிரிக்காவின் ஜூலு மன்னர் என்றாலே நம் ஆட்களுக்கு ஷாக்கா ஞாபகம்தான் வரும். குட்டை ஈட்டி, எருதின் கொம்பு வியூகம் என்று யூடியூபில் ஆளாளுக்கு வீடியோ போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வம்சத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டிய ஆள் ஷாக்காவின் தம்பி மகன் செட்ஷ்வாயோ.

மகான் ஒன்றும் இல்லை. 1856இல் வாரிசுச் சண்டையில் சகோதரன் ம்புயாசியைத் துகேலா ஆற்றங்கரையில் வீழ்த்தினார். தோற்ற பக்கத்தில் இருந்த பெண்கள், குழந்தைகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஆறு வேறு வெள்ளமாக ஓடியதால் தப்பிக்கவும் வழியில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

1873இல் அவர் மன்னரானபோது பக்கத்திலிருந்த பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் அதிகாரி ஷெப்ஸ்டனே நேரில் வந்து முடிசூட்டினார். ஐந்தே ஆண்டில் நட்பு முறிந்தது. போயர்களோடு (அங்கே குடியேறிய டச்சு வம்சாவளி வெள்ளையர்கள்) இருந்த எல்லைத் தகராறை விசாரித்த பிரிட்டிஷ் ஆணையம், பெரும்பாலும் ஜூலுக்கள் பக்கமே நியாயம் என்று சொல்லிவிட்டது. உயர் ஆணையர் பார்ட்டில் ஃப்ரெருக்கு இது பிடிக்கவில்லை. (நமக்குப் புதிய ஆள் இல்லை, அதற்கு முன் பம்பாய் கவர்னராக இருந்தவர்தான்.) தீர்ப்பை மாதக்கணக்கில் அமுக்கி வைத்திருந்தார்.

1878 டிசம்பர் 11 அன்று துகேலா கரையில் ஓர் அத்தி மரத்தடிக்கு மன்னரின் தூதர்களை வரவழைத்தார்கள். முதலில் நில விஷயத்தில் சாதகமான தீர்ப்பு. நடுவில் மாட்டிறைச்சி விருந்து. அப்புறம் இன்னொரு காகிதம்: படை அமைப்பையே கலைக்க வேண்டும், பிரிட்டிஷ் அதிகாரியை நாட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், மாடுகளை அபராதமாகக் கட்ட வேண்டும், எல்லாம் 30 நாளுக்குள். எந்த மன்னரும் ஏற்க முடியாத நிபந்தனைகள். லண்டன் அனுமதிகூட இல்லாமல் ஃப்ரெர் தொடங்கிய போர் இது.

1879 ஜனவரி 22, இசாண்டில்வானா. ஜூலு படை வென்ற சண்டை. பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேருக்கு மேல் மாண்டார்கள். ஜூலுக்கள் தரப்பிலும் ஆயிரம் பேராவது செத்திருப்பார்கள். எனக்கு வெற்றியைவிட மன்னர் போட்ட உத்தரவுதான் முக்கியம்: எல்லை தாண்டி நேட்டாலுக்குள் போகக் கூடாது, நாம் நம் மண்ணைத்தான் காக்கிறோம். அதை மீறி ஆற்றைக் கடந்து நேட்டால் கரையிலிருந்த ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற பிரிட்டிஷ் முகாமைத் தாக்கியவர் அவருடைய தம்பி டபுலமன்சி. அங்கே தாக்குப்பிடித்த சிறு படைக்கு 11 விக்டோரியா கிராஸ் (பிரிட்டனின் உச்ச வீர விருது) கொடுத்து, அன்று பகலில் வாங்கிய அடியை லண்டன் அழகாக மூடிக்கொண்டது.

ஜூலை 4 அன்று உலுண்டியில் தோல்வி, ஆகஸ்டில் கைது. அடுத்து பிரிட்டிஷ் தளபதி வூல்ஸ்லி செய்ததுதான் உண்மையான சேதம். நாட்டை 13 துண்டாக்கி 13 தலைவர்களிடம் கொடுத்தார். ஒருவர் ஜான் டன், மன்னரோடு பழகி, துப்பாக்கி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போரில் கட்சி மாறிய வெள்ளைக்காரர். இன்னொருவர் பிரிட்டிஷ் பக்கம் சண்டை போட்ட சூத்தோ என்ற வேற்று இனத்தின் தலைவர் ஹ்லுபி. தானாகவே அடித்துக்கொண்டு சாகட்டும் என்ற கணக்கு. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேப் டவுனில் சிறையிருந்த செட்ஷ்வாயோ சும்மா இருக்கவில்லை. கடிதம் மேல் கடிதம் எழுதச் சொல்லி அனுப்பினார். நேட்டால் பிஷப் கொலென்சோ அவருக்காக வாதாடினார். 1882இல் லண்டன் போய் விக்டோரியா ராணியையே சந்தித்தார். அந்தப் பயணத்துப் புகைப்படங்களைப் பாருங்கள், கோட்டு சூட்டில் கம்பீரமாக இருப்பார். ராணி வரையச் சொன்ன ஓவியத்தில் மட்டும் ஜூலு உடை! அவர் தங்கியிருந்த மெல்பரி சாலை வீட்டில் இன்று நினைவுப் பலகை இருக்கிறது.

1883 ஜனவரியில் திருப்பி அனுப்பினார்கள், ஆனால் வடக்கே எதிரி சிபெபுவைத் தனியாட்சி செய்ய விட்டுவிட்டு. அந்த ஜூலையிலேயே சிபெபு மன்னரின் தலைநகரைத் தாக்கினார். இசாண்டில்வானாவில் பிரிட்டிஷாரை நொறுக்கிய தளபதி என்ட்ஷிங்வாயோ அன்று செத்தார், சொந்த இனத்தார் கையால். 1879இல் அதே மன்னருக்காகப் போரிட்டவர்தான் இந்த சிபெபுவும். காயத்தோடு என்கண்ட்லா காட்டுக்குத் தப்பிய செட்ஷ்வாயோ, 1884 பிப்ரவரி 8 அன்று எஷோவேயில் இறந்தார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று அவருடைய ஆட்கள் நம்பினார்கள். குடும்பம் பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதிக்கவில்லை.

மகன் டினுசுலு போயர்களிடம் உதவி கேட்டு சிபெபுவை விரட்டினார், விலையாகப் பெரும் நிலப்பரப்பு போனது. பிரிட்டிஷார் அவரையும் செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பினார்கள். 1897இல் ஜூலுலாந்து நேட்டாலோடு இணைக்கப்பட்டது. பக்கத்து நேட்டாலில் 1860இலிருந்தே நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கிக் கரும்பு வளர்த்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அதே கரும்புக்காக ஜூலுலாந்தின் கடலோர நிலமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த மரத்தடி நிபந்தனைகள் எதற்கு என்று யாராவது கேட்டால், நான் இந்த நிலக் கணக்கைத்தான் முதலில் காட்டுவேன்.