வாசல் தெளித்த மார்கழி

(ஊட்டியிலிருந்து மைசூர் போகும் சாலையில், தலைகுந்தா பக்கம், ஒரு பள்ளத்தில் ஒன்றரை ஏக்கர் தோட்டம். உருளைக்கிழங்கு, கொஞ்சம் கேரட், ஒரு மாடு, ஒரு கன்று, ஒரு ஓட்டு வீடு. மார்கழி மாதம், விடியற்காலை 5.30 மணி. உசிலம்பட்டியிலிருந்து வந்து நான்கு நாளான மாமியார் வாசலில் நிற்கிறார். மருமகன் கறுப்புக் கம்பளியைப் போர்த்தியபடி மல்லாந்து கிடக்கிறார். மகள் மூன்று போர்வைக்கு அடியில் இருப்பதால் இந்தக் காட்சிக்கு வர மாட்டார்.)

மாமியார்: மாப்பிள்ளை! அங்கே என்ன செய்கிறீர்கள்?

மருமகன்: வானத்தைப் பார்க்கிறேன், அத்தை. ஒரு துண்டு மேகம் இல்லை. மேகம் இருந்தால் போர்வை மாதிரி பூமியின் சூட்டைப் பிடித்து வைக்கும். இன்றைக்கு உறைபனி நிச்சயம்.

மாமியார்: அதைப் படுத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டுமா?

மருமகன்: நின்று பார்க்கத்தான் வந்தேன். படியில் தண்ணீர் ஊற்றியது யார்?

மாமியார்: நான்தான். மார்கழியில் வாசல் தெளிக்காமல் இருக்க முடியுமா? நாலு மணிக்கே தெளித்துக் கோலமும் போட்டாயிற்று.

மருமகன்: தெளித்ததெல்லாம் கண்ணாடியாகிவிட்டது, அத்தை. படியில் கால் வைத்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் வானம்தான்.

மாமியார்: அதை விடுங்கள். என் கோலத்தைக் காணோம்! 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை. ஒரு வாய் காபி குடித்துவிட்டு வருவதற்குள் எவனோ வாசலுக்கு வெள்ளையடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

மருமகன்: அதுதான் உறைபனி. வெள்ளைக் கோலத்தின் மேல் வெள்ளைப் பனி.

மாமியார்: எங்கள் ஊரிலும் பனி பெய்கிறது. கோலத்தை இப்படித் திருடிக்கொண்டு போனதில்லை. அப்படி எத்தனை டிகிரி குளிர்?

மருமகன்: சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 1 டிகிரி காட்டியது. தரையில் அதைவிடக் குறைவாக இருக்கும்.

மாமியார்: என் தங்கை மகனே 2 டிகிரி வாங்கியிருக்கிறான். ஊருக்கே ஒன்றுதானா?

மருமகன்: (முனகியபடி எழுந்து) சரி அத்தை, பம்பைப் போட வேண்டும். ஸ்பிரிங்ளர் திறந்து செடிக்குத் தண்ணீர் தெளிக்கப் போகிறேன்.

மாமியார்: இந்தக் குளிரில் செடிக்குத் தண்ணீரா?

மருமகன்: வெயில் ஏறுவதற்குள் இலைமேல் இருக்கிற பனியைக் கழுவிவிட வேண்டும். பனியோடு வெயில் பட்டால் உருளைக்கிழங்குச் செடி கருகி, வதக்கிய கீரை மாதிரி தொங்கிவிடும்.

மாமியார்: அதாவது நான் வாசலுக்கு ஒரு வாளி தெளித்தால் தப்பு. நீங்கள் ஒன்றரை ஏக்கருக்குத் தெளித்தால் விவசாயம்.

மருமகன்: அது வேறு, இது வேறு. கிணற்றுத் தண்ணீர் பனியைவிடச் சூடு.

மாமியார்: நான் மட்டும் வைகையிலிருந்தா கொண்டுவந்தேன்? அதே கிணறுதான்.

(மருமகன் பதில் தேடுகிறார். கிடைக்காததால் கேட்வால்வைத் திருகுகிறார். அதுவும் அசையவில்லை.)

மருமகன்: அத்தை, குழாய் உறைந்துவிட்டது. குளிக்கக் காய வைத்த வெந்நீரில் கொஞ்சம் கொடுங்கள்.

மாமியார்: கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் குழாய்க்கு நடக்கிற உபசாரம் மனுஷிக்கு நடக்கவில்லை. நேற்றுத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் கேட்டேன். உங்கள் மகன் பாட்டிலையும் தென்னங்குச்சியையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். நோண்டி எடுக்க வேண்டுமாம்!

மருமகன்: இங்கே அப்படித்தான்.

மாமியார்: இருக்கட்டும். அந்த மேட்டுத் தோட்டத்தில் மட்டும் பனியே இல்லையே, ஏன்?

மருமகன்: குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம், அத்தை. ராத்திரி முழுக்க மேட்டிலிருந்து தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கிவிடும்.

மாமியார்: தெரிந்துமா பள்ளத்தில் வாங்கினீர்கள்?

மருமகன்: விலை மலிவாக இருந்தது. நான் வந்து பார்த்தது சித்திரை மாதம். பச்சைப்பசேல் என்று இருந்தது. ஏமாந்துவிட்டேன்.

மாமியார்: நீங்கள் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்ததும் சித்திரையில்தான்.

மருமகன்: ஐயோ, அதில் நான் ஏமாறவில்லை, அத்தை!

மாமியார்: நான் எங்களைச் சொன்னேன்.

(வால்வு திறந்துகொள்கிறது. ஸ்பிரிங்ளர் சீறுகிறது. மருமகனின் பல் தந்தியடிக்கிறது.)

மருமகன்: என் ஸ்வெட்டரை எங்கேயாவது பார்த்தீர்களா? ராத்திரியிலிருந்து தேடுகிறேன். கடைசியில் இந்தக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

மாமியார்: மாவுக்குப் போட்டிருக்கிறேன்.

மருமகன்: எந்த மாவுக்கு?

மாமியார்: இட்லி மாவுக்கு. அரைத்து 2 நாள் ஆகிறது, ஒரு விரல்கூடப் பொங்கவில்லை. குளிரில் விறைத்துக் கிடந்தது, பாவம். பானைக்கு உங்கள் ஸ்வெட்டரை மாட்டி, கையிரண்டையும் முன்னால் கட்டி, அடுப்போரம் உட்கார வைத்திருக்கிறேன். இந்த ஊரில் மாவும் என் மகளும் ஒன்று. போர்த்தினால் தூங்கும், போர்வையை எடுத்தால் சிணுங்கும்.

மருமகன்: கன்றுக்குட்டிக்குச் சாக்கு, மாவுக்கு ஸ்வெட்டர். எனக்கு?

மாமியார்: உங்களுக்குத்தான் கோபம் இருக்கிறதே, சூடாக. காலையில் நான் கூப்பிட்டபோதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மருமகன்: எப்போது கூப்பிட்டீர்கள்?

மாமியார்: நாலு மணிக்கு. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கறுப்பாகப் போர்த்திக்கொண்டு நின்றீர்களே. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, “மாப்பிள்ளை, காபி போடட்டுமா?” என்றேன். பெரிதாக ஒரு மூச்சு விட்டீர்கள். அவ்வளவுதான். மாமியாருக்கு அந்த மரியாதை போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகன்: அத்தை, நாலு மணிக்கு நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தேன்.

மாமியார்: பொய் சொல்லாதீர்கள். முழங்கால் வரைக்கும் வெள்ளை சாக்ஸ்கூடப் போட்டிருந்தீர்கள்.

மருமகன்: என்னிடம் வெள்ளை சாக்ஸே கிடையாது. அது காட்டெருமை.

(சிறிது நேரம் ஸ்பிரிங்ளர் சத்தம் மட்டும்.)

மாமியார்: காட்டெருமைக்கா காபி கேட்டேன்?

மருமகன்: முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருந்தால் அதுதான். ஒரு டன் எடைக்கு வளர்கிற மிருகம், அத்தை. மூச்சோடு விட்டதே, பெரிய மனசு. இனி வெளிச்சம் வராமல் வெளியே வராதீர்கள்.

மாமியார்: ஒரு டன்னா! இருட்டில் உங்களுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லையே.

மருமகன்: (அதைக் காதில் வாங்காதது போல) வீட்டுக்குள்ளே என்ன புகை?

மாமியார்: இரும்புச் சட்டியில் கரி போட்டு, குழந்தைகள் படுத்திருக்கும் அறையில் வைத்திருக்கிறேன். சூடு போகக் கூடாது என்று சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணியும் வைத்துவிட்டேன்.

மருமகன்: (ஓடுகிறார். உள்ளே சன்னல்கள் படபடவென்று திறக்கும் சத்தம். சட்டியோடு வெளியே வருகிறார்.) அத்தை, இதை மட்டும் செய்யவே கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் வருகிற வாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியாது. மலைப்பக்கம் இப்படித்தான் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள்.

மாமியார்: (குரல் இறங்கி) பிள்ளைகள்?

மருமகன்: நன்றாக இருக்கிறார்கள். சன்னலைத் திறந்ததற்கு என்னைத் திட்டுகிறார்கள். உங்கள் மகளும்தான்.

மாமியார்: அவள் குரல் கேட்டதா? அப்பாடா. (சற்றுப் பொறுத்து) சரி, சட்டியை இப்படி வாசலில் வையுங்கள். இரண்டு பேரும் வெளியே உட்கார்ந்து காய்வோம். இதற்குத் தடையில்லையே?

(காய்கிறார்கள். அன்று காலையில் இருவரும் முதல் தடவையாக ஒத்துப்போன விஷயம் இது. மணி ஏழு. சாலையோரம் ஒரு கார் வந்து நிற்கிறது. குல்லா போட்ட ஒரு கூட்டம் இறங்கி, “மினி காஷ்மீர்!” என்று கத்துகிறது.)

மாமியார்: யார் மாப்பிள்ளை அது? உங்கள் சொந்தமா?

மருமகன்: சுற்றுலா வந்தவர்கள். எங்களுக்குப் பயிர் போகும் நாளில்தான் அவர்களுக்குக் கொண்டாட்டம். பேப்பரிலும் ஒரே பக்கத்தில் வரும். மேலே “உறைபனியை ரசித்த பயணிகள்”. கீழே “தேயிலை கருகியதால் விவசாயிகள் கவலை”.

மாமியார்: அந்தப் பையன் உங்கள் கேரட் பாத்தியில் இறங்கிப் படுக்கிறானே!

மருமகன்: தம்பி! அது புல்வெளி இல்லை, கேரட்!

மாமியார்: சும்மா இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். (உரக்க) தம்பி, நேற்று ராத்திரி காட்டெருமை படுத்திருந்த இடம் அது! இன்னும் சூடு இருக்கும், தொட்டுப் பார்!

(பையன் ஒரே தாவலில் சாலையில் நிற்கிறான். வெயில் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிறது. வாசல் பனி கரைந்து மண் தெரிய ஆரம்பிக்கிறது.)

மாமியார்: மாப்பிள்ளை, பாருங்கள்! கோலம்! அப்படியே இருக்கிறது!

மருமகன்: அட, ஆமாம்.

மாமியார்: இருங்கள். நடுவில் என்ன இவ்வளவு பெரிய ஓட்டை?

மருமகன்: அது... நான் விழுந்த இடம்.

மாமியார்: அங்கே இருந்த தாமரை எங்கே? நாலு இதழ் போட்டிருந்தேனே?

மருமகன்: எனக்கு எப்படித் தெரியும், அத்தை?

மாமியார்: கொஞ்சம் திரும்புங்கள்.

(திரும்புகிறார். கறுப்புக் கம்பளியின் முதுகில் நாலு இதழும் சிந்தாமல் சிதறாமல் இருக்கின்றன.)

மாமியார்: அப்படியே நில்லுங்கள், அசையாதீர்கள். அந்தப் பையன் படம் எடுக்கிறான்.