கைமாத்தைக் கொடுத்துவிட்டுக் காருக்கு மாலை போடுங்கள்

இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கார் வாங்கிய ஒரு தம்பி போட்ட அந்தப் படத்தை ஊரில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திருகோணமலைப் பத்திரகாளி அம்பாள் கோயில் வாசலில் கார், முன்னுக்கு மாலை, சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய். அதற்குக் கீழே என் அக்கா எழுதியதையும் பார்த்திருப்பீர்கள். "வாழ்த்துகள் தம்பி. என்ட காசையும் ஒருக்கா யோசிங்க." எழுதியது அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களைப் பார்த்துவிட்டு அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை. "வயித்தெரிச்சல்", "நல்ல நாளில் அபசகுனம்", "பிச்சைக்காசைக் கேட்க வந்திட்டா." பிச்சைக்காசு என்று எழுதியவர் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

ஆளின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவர் கார் வாங்கியதிலும் எனக்கு வருத்தம் இல்லை. ஒன்றே ஒன்றுதான் என் கேள்வி. என் அக்காவிடம் வாங்கிய கைமாத்து நிலுவையில் இருக்கும்போது கார் எப்படி முதலில் வந்தது?

நடந்தது 2022. மறந்திருக்க மாட்டீர்கள். டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அதுவும் நாள்கணக்கில் வரிசையில் நின்றால்தான். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹொட்டல்கள் வெறிச்சோடிக் கிடந்தன. சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கும் வான் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். வேலை படுத்துவிட்டது, வீட்டில் சின்னப்பிள்ளை. அக்கா தையல் காசில் கட்டிவந்த சீட்டு அந்த வருடத் தொடக்கத்தில்தான் விழுந்திருந்தது. ஒரு லட்சத்து எண்பதாயிரத்தையும் அப்படியே தூக்கிக் கொடுத்தாள். வட்டி கேட்கவில்லை, கையெழுத்தும் வாங்கவில்லை. சீட்டு விழுந்த நேரம் அந்தக் காசுக்கு ஒரு பவுனுக்கு மேல் வாங்கியிருக்கலாம். இன்றைக்கு ஒரு பவுன்கூட வராது. ஆகவே அவர் முழுக்காசையும் நாளைக்கே கொடுத்தாலும் அக்காவுக்கு நட்டம்தான். அந்த நட்டத்தை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

சரி, இப்போது காருக்கு வருவோம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். விலை இறங்கும் என்று காத்திருந்தவர்களுக்கு வரியைப் பார்த்ததும் தலை சுற்றியது. பழைய சின்னக் கார்கூட லட்சங்களில் பத்துக்கணக்கில் போகிறது. எனவே பெரும்பாலானவர்கள் லீசிங்கில், அதாவது தவணைக் கடனில்தான் எடுக்கிறார்கள். எடுங்கள். ஆனால் கணக்கை எழுதிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

உதாரணத்துக்கு 30 லட்சம் எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 12 வீதம், ஐந்து வருடம், முழுத்தொகைக்கும் நேர்வட்டி என்று வைத்தால் வட்டி மட்டும் 18 லட்சம். 48 லட்சத்தை 60 ஆல் பிரித்தால் மாதம் 80,000. நீங்கள் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி குறையாது. முதல் குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கில் பார்த்தால் அது உண்மையில் 20 வீதத்துக்கு மேல். 12 என்று சொன்னது காதுக்கு இனிமையாக இருக்கும், அவ்வளவுதான். அந்த 80,000இல் ஒரு மாதம் சறுக்கினால் தாமதக் கட்டணம், இன்னும் சறுக்கினால் வாகனத்தைத் தூக்க ஆள் வரும். அந்தப் பயத்தில் தவணை முதலாம் திகதியே போய்விடுகிறது. அக்காவிடம் தூக்க ஆள் இல்லை. அதனால் அவளுடைய காசு கடைசிக்குப் போய்விடுகிறது.

லீசிங் தருவதற்கு முன் கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கை பார்ப்பார்கள். வங்கிக் கடன், கடன் அட்டை, பழைய தவணை எல்லாம் அதில் வந்துவிடும். தையற்காரி கொடுத்த கைமாத்து அதில் வராது. சீட்டுக்காசும் வராது. மச்சானிடம் வாங்கியதும் வராது. அறிக்கை சுத்தம், இவர் கடனில்லாத மனிதர். அந்த மேசையில் இருக்கிறவருக்கு அக்கா என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் கையெழுத்துப் போடுகிறவர்தான். அதனால்தான் சொல்கிறேன், காகிதம் இல்லாத கடனைத்தான் முதலில் கட்ட வேண்டும். அதை ஞாபகப்படுத்த மனச்சாட்சியை விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

தவணையோடு கதை முடிவதுமில்லை. லீசிங் இருந்தால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி போதாது, முழுக் காப்புறுதி போட வேண்டும். வருடா வருடம் புகைப் பரிசோதனை, அப்புறம் வருமான அனுமதிப்பத்திரம். ஒயில் மாற்ற வேண்டும், டயர் தேயும், பற்றறி ஒருநாள் காலையில் சொல்லாமல் செத்துப்போகும். ஹைபிரிட் என்றால் அந்தப் பெரிய பற்றறிக்கு லட்சங்களில் ஒதுக்க வேண்டும். எங்கள் ஊரில் உப்புக்காற்று வேறு. கடலோரத்தில் நிறுத்தி வைக்கிற வாகனத்தின் அடித்தகடு எப்படி அரிக்கும் என்று எந்தக் கராஜில் கேட்டாலும் சொல்வார்கள். வருடத்துக்கு ஒருமுறை வருகிறதையெல்லாம் கூட்டி 12 ஆல் பிரித்து மாதக் கணக்கில் எழுதாவிட்டால், அது வருகிற மாதத்தில் மறுபடி யாரிடமாவது கைமாத்துக்குத்தான் போய் நிற்க வேண்டும்.

கொழும்புக்குப் போய்வர 500 கிலோமீற்றருக்கு மேல். லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடினாலும் 32 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 என்று வைத்தால் பத்தாயிரத்துக்குக் கிட்ட. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாதம் பத்தாயிரம் கொடுத்தால் பதினெட்டு மாதத்தில் அக்காவின் கடன் முடிந்துவிடும். மாதத்துக்கு ஒரு கொழும்புப் பயணத்தின் பெற்றோல் காசு. அதற்குக்கூட அந்தக் கணக்கில் இடமில்லையா?

கார் ஆடம்பரம் இல்லை, அவசியம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இதை நான் முழுதாக ஒத்துக்கொள்கிறேன். கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வயதான அம்மாவை இரவு பஸ்ஸில் கூட்டிப்போன குடும்பங்களை எனக்குத் தெரியும். குச்சவெளியில் இருந்து இரவில் காய்ச்சல்காரப் பிள்ளையோடு ரவுணுக்கு வர ஓட்டோ தேடி அலைந்தவர்களையும் தெரியும். இங்கே இருப்பவர்களுக்குக் கார் வேண்டாம் என்று கொழும்பில் இருந்துகொண்டு யாராவது சொன்னால் எனக்குத்தான் முதலில் கோபம் வரும். ஆனால் அவசியமான காருக்கும் கணக்கு இருக்கிறது. அவருடைய அவசியத்துக்கு என் அக்கா ஏன் ஒவ்வொரு மாதமும் காசு கட்ட வேண்டும்? அவள் இன்றைக்கும் தைத்த சட்டைகளைச் சைக்கிளில்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

காசு கேட்பதைப் பொதுவெளியில் செய்யலாமா என்கிறார்கள். போனை எடுத்திருந்தால் போனில் கேட்டிருப்பாள்.

"காகிதம் இல்லாமல் கொடுத்தது அவவின் பிழை" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். இதுதான் என்னை இருந்து எழுத வைத்தது.

2004 தொடக்கத்தில் அம்மாவின் ஒப்பரேசனுக்கு அப்பா கிண்ணியாவில் ஒரு கடைக்கார நானாவிடம் காசு வாங்கினார். நானா தன்னுடைய கொப்பியில் எழுதிக்கொண்டார், வேறு எதுவும் இல்லை. டிசம்பர் 26 கடல் வந்தது. கடையும் போனது, கொப்பியும் போனது. அந்தக் கடனுக்கு உலகத்தில் இனி ஒரு சாட்சியும் கிடையாது. அப்பா அடுத்த கிழமையே போய், "நானா, நான் உங்களுக்கு இவ்வளவு தரவேணும்" என்று தொகையைத் தானே சொன்னார். எங்களிடம் ஒரு பழைய மொரிஸ் மைனர் இருந்தது. அதைக் கல்லில் ஏற்றி முற்றத்தில் நிறுத்திவிட்டார். டயருக்கும் லைசன்சுக்கும் போகிற காசு நானாவின் காசு என்றார். அதற்குள் ஏறி இருந்து நானும் அக்காவும் விளையாடுவோம். அப்போது கிண்ணியாப் பாலம் இல்லை, அது 2009இல்தான் திறந்தது. மாதாமாதம் படகுப்பாதையில் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். நானா பல தடவை "பிறகு பாப்பம், நீங்க முதல்ல வீட்டைப் பாருங்க" என்று சொல்லியும் நிறுத்தவில்லை. கடன் முடிந்த பிறகுதான் அந்தக் கார் மறுபடி ரோட்டுக்கு வந்தது. அந்த வீட்டில் வளர்ந்தவள் அக்கா. கேட்டவனிடம் காகிதம் கேட்க அவளுக்குத் தோன்றாது. அதைப் பிழை என்று சொல்லாதீர்கள் ஐயா.

பொறாமை என்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இதே மாவட்டத்தில் சின்னச் சின்ன நுண்கடன் எடுத்த பெண்களின் வீட்டு வாசலில் கிழமைக்குக் கிழமை ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். காசு கட்டும்வரை எழும்ப மாட்டார்கள். நிலைமை முற்றிப்போய், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் 1 லட்சம் ரூபாய் வரையான பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்போது அந்தப் பெண்களைப் பார்த்து நீங்கள் சொன்னது என்ன? "கடன் வாங்கினால் கட்டத்தானே வேணும்." இப்போது ஒரு பெண் தன்னுடைய சொந்தக் காசைக் கேட்டால் வயித்தெரிச்சல். பெண் கடன் வாங்கினாலும் அவளுக்குத்தான் ஏச்சு, கொடுத்தாலும் அவளுக்குத்தான் ஏச்சு. அவள் குனிந்து தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உங்களில் சிலர் அந்தக் கொமென்டை எழுதினீர்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

அக்கா நேற்று அந்த வரியை அழித்துவிட்டாள். "விடு, காசு போனாப் போகட்டும்" என்கிறாள். நான் விடமாட்டேன்.

தம்பி, இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். மாதம் பத்தாயிரம். உங்கள் லீசிங் தவணைக்கு முந்திய நாளில் அக்காவின் கணக்குக்குப் போடுங்கள். இந்த மாதம் முடியாது என்றால் முடியாது என்று ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள், அவள் காத்திருப்பாள். மற்றவர்களுக்கு, இங்கே அவருடைய பெயரையோ காரின் நம்பரையோ யாரும் எழுத வேண்டாம், எழுதினால் அழித்துவிடுவேன். அக்காவைப் பற்றி அங்கே எழுதியவர்கள் இன்றைக்கே அதை அழித்துவிடுங்கள். திங்கட்கிழமை அவள் தையல் கடையைத் திறக்க வேண்டும்.