டர்பனில் பார்க்க ஒன்றும் இல்லையாம்

ஜோபர்க்கில், அதாவது ஜோகன்னஸ்பர்க்கில், இருக்கும் நம் தமிழ் நண்பர்கள் தென்னாப்பிரிக்காவைப் பைக்கில் சுற்றி, எங்கள் டர்பனை மட்டும் பார்க்காமல் தாண்டிப்போன அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பார்க்கிறவர்கள் எல்லோரும் எனக்கே அனுப்பி வைக்கிறீர்கள், கீழே வந்த கமெண்ட்களையும் படித்துத் தொலைத்துவிட்டேன். இனிப் பேசாமல் இருக்க முடியாது.

ஜோபர்க் நண்பர்கள் நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. டிராகன்ஸ்பெர்க் மலையில் மஹாய் கேம்ப்பில் விடியற்காலையில் டெண்ட் ஜிப்பைத் திறந்தால் எதிரே ஆம்ஃபிதியேட்டர் பாறைச் சுவர் நிற்கிறதே, அதைப் பலமுறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வைல்டு கோஸ்ட் மண்சாலையில் பைக் சறுக்கி எழுந்ததெல்லாம் அருமை. ஆனால் நடுவில் டர்பன் என்று ஒரு ஊர் இருக்கிறது. அது பத்து விநாடிகூட வரவில்லை. என்3 நெடுஞ்சாலை வந்து என்2-வில் சேருகிற மேம்பாலம், ஒரு பெட்ரோல் பங்க், பின்னால் ஒரு குரல்: "டர்பன்ல பார்க்க ஒண்ணும் இல்ல மக்களே, ஃபுல் டேங்க் போட்டுட்டு கிளம்பிட்டோம்." அதற்கு ஆயிரக்கணக்கில் லைக். "சரியான முடிவு ப்ரோ" என்று எழுதியவர்களில் பாதிப்பேர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார்கள்.

பைக்கில் டெண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் நகரத்தைப் பார்க்கக் கூடாது என்று யார் சொன்னது? மலை பார்க்கலாம், அருவி பார்க்கலாம், மாடு மேய்வதைப் பார்க்கலாம், மனிதர்கள் சேர்ந்து வாழும் இடத்தை மட்டும் பைபாஸில் தாண்ட வேண்டுமா? நகரத்தில் ஒரு நாளாவது வண்டியை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும். டர்பனில் கட்டாயம் நடக்க வேண்டும். தமிழ் பேசுகிறவர் என்றால் அதைவிடக் கட்டாயம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், ஆனால் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நடைமுறைக் கஷ்டம். அதை நான் மறுக்கவில்லை. சைடு பெட்டி இரண்டு, பின்சீட்டில் டெண்ட், ஸ்லீப்பிங் பேக், காஸ் அடுப்பு என்று ஏற்றிக்கொண்டு நகருக்குள் போனால் வண்டியை விட்டு நகர முடியாது. கையில் ஹெல்மெட், உடம்பில் ஜாக்கெட், டர்பன் வெயிலும் புழுக்கமும் வேறு. அதற்குத்தான் கேம்ப் இருக்கிறது. ஸ்காட்பர்கில் கடலை ஒட்டியே டெண்ட் போட இடம் இருக்கிறது, அங்கிருந்து டர்பன் ஒரு மணி நேரத்துக்குள். டெண்டையும் சாமானையும் அங்கேயே விட்டுவிட்டு வெறும் வண்டியில் வந்தால் முடிந்தது. நானும் என் மனைவியும் எந்த ஊருக்குப் போனாலும் இப்படித்தான். ஊருக்கு வெளியே தங்கல், ஊருக்குள் நடை. இது பெரிய வித்தையெல்லாம் இல்லை, போக வேண்டும் என்று நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் பாதுகாப்பு. கமெண்டில் வந்த முக்கால்வாசி இதுதான். "உயிரோட இருக்கணும்னா டர்பனுக்குள்ள போகாதீங்க" என்று ஒருவர். அவர் இங்கே வந்ததே இல்லை, அதையும் அவரே எழுதியிருக்கிறார். சரி, பேசுவோம். நகர மையத்தில் வழிப்பறி உண்டு. போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தால் பிடுங்குவார்கள். இருட்டிய பிறகு, சந்தைகள் இருக்கும் வார்விக் பக்கம் நான் போக மாட்டேன். 2021 ஜூலைக் கலவரத்தில் இங்கே கடைகள் எரிந்தபோது நாங்கள் தெருமுனையில் விடிய விடிய நின்றோம். பயம் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஜோபர்க்கில் குடியிருந்துகொண்டு டர்பன் ஆபத்து என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? உங்கள் வீட்டு மதிலுக்கு மேல் மின்வேலி, வாசலில் இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் இன்னொரு கதவு. அந்த ஊரிலேயே வாழத் தெரிந்தவர்களுக்கு இங்கே பட்டப்பகலில் சந்தைக்குள் நடக்கத் தெரியாதா? வார்விக் சந்தைகளைச் சுற்றிக்காட்ட ஆட்களே இருக்கிறார்கள், அந்தச் சந்தையை நன்றாகத் தெரிந்தவர்களே கூட்டிப்போவார்கள். காலையில் போய் மதியத்துக்குள் திரும்பலாம். வண்டியை ஸ்டேடியம் பக்கமோ கடற்கரையிலோ காவலுள்ள பார்க்கிங்கில் விட்டுவிட்டு வரலாம். இதையெல்லாம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

கடற்கரை அழுக்கு என்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், கழிவுநீர் நிலையங்கள் உடைந்தன, கடலில் குளிக்க அவ்வப்போது தடை போட்டார்கள். உண்மைதான். குளிக்க வேண்டாம், நடங்கள்.

இப்போது அந்த "ஒன்றும் இல்லை"க்கு வருகிறேன்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. மதராஸிலிருந்து 342 பேர். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய வந்தவர்கள். அடுத்த ஐம்பது வருடத்தில், 1911 வரை, 1,52,000 பேருக்கு மேல் வந்து இறங்கினார்கள். பெரும்பங்கு மதராஸிலிருந்து ஏறியவர்கள். இன்றைக்கு இங்கே பிள்ளை, மூட்லி (நம் முதலியார்தான்), கவுண்டர், நாயக்கர், படையாச்சி என்று கதவில் பெயர்ப்பலகை பார்க்கிறீர்களே, அந்தக் கப்பல்களில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும்தான். அதே வீடியோவில் ட்ரோனைப் பறக்கவிட்டு, "பச்சைக் கம்பளம் மாதிரி இருக்கு பாருங்க" என்று கரும்புக் காட்டைக் காட்டுகிறீர்கள். அந்தக் காட்டில் முதலில் கத்தி பிடித்து வெட்டியவர் யார் என்று ஒரு வரி சொல்ல உங்களுக்கு நேரம் இல்லை. அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. டெர்பி தெருவில் 1860 ஹெரிடேஜ் சென்டர் என்று ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, இந்தக் கதை முழுக்க அங்கே வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் போட்ட நேரத்தோடு இன்னொரு மணி நேரம் சேர்த்திருந்தால் பார்த்திருக்கலாம்.

வார்விக்கில் காலைச் சந்தை. ஏர்லி மார்னிங் மார்க்கெட் என்றே எல்லோரும் சொல்வோம், 1934-இல் கட்டிய கட்டடம். 2010 உலகக் கோப்பைக்கு முன்னால் அதை இடித்து ஷாப்பிங் மால் கட்ட நகராட்சி திட்டம் போட்டது. வியாபாரிகள் தெருவில் இறங்கினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள், சந்தை நின்றது. அங்கே ஓர் ஆன்ட்டியிடம்தான் நாங்கள் எப்போதும் காய் வாங்குவோம். பலகையின் மேல் ஈர மண் ஒட்டிய சேப்பங்கிழங்கு, மடும்பி என்பார்கள் இங்கே. பக்கத்தில் மல்லிக்கட்டு, பிஞ்சுக் கத்தரி, காரம் தூக்கலான பச்சை மிளகாய். கறிவேப்பிலையைக் காம்போடு ஒடித்து நியூஸ்பேப்பரில் சுருட்டி, கேட்காமலேயே இன்னொரு கொத்து திணித்துக் கொடுப்பார். அவருக்குத் தமிழ் பேச வராது. சாமி, விபூதி, வெத்தலை, ரசம், இப்படிச் சில சொற்கள்தான். முதல்முறை போனபோது நான் மனைவியிடம் தமிழில் பேசியதைக் கேட்டுத் தராசைக் கீழே வைத்துவிட்டார். "நீங்கள் இந்தியா, இந்தியாவேவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பின்னால் மாட்டியிருந்த முருகன் படத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். அட்டையில் பேனாவால் ஓர் எண். அவருடைய கொள்ளுத்தாத்தா கப்பலிலிருந்து இறங்கும்போது வெள்ளைக்காரன் கொடுத்த பதிவு எண். ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் ஏதோ ஆங்கில எழுத்துகள், எந்த ஊர் என்று யாருக்கும் விளங்கவில்லையாம். "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நானும் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்தேன். வட ஆற்காடு பக்கம் இருக்கலாம் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அதற்கே அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இது பார்க்க ஒன்றும் இல்லாத ஊரா?

"அவங்க தமிழே பேச மாட்டாங்க, அவங்க என்ன தமிழர்?" என்று ஒரு கமெண்ட். இதற்கு மட்டும் கோபப்படாமல் பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வந்து பாருங்கள். ஈஸ்டருக்கு லீவு என்பதால் அப்போதே அம்மனைக் கும்பிடப் பழகிக்கொண்டார்கள், தோட்டத்து முதலாளி வேறு நாள் லீவு கொடுத்திருக்க மாட்டான். கூட்டம் ரோடு வரைக்கும் நிற்கும். மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக, கைக்குழந்தையோடு நிற்பார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற பையனுக்குத் தமிழில் ஒரு வாக்கியம் தெரியாது, ஆனால் விரதத்தை ஒருநாள் தப்பவிட மாட்டான். மொழியை அவர்கள் வேண்டுமென்று தொலைக்கவில்லை. தோட்டத்தில் கூலி, நகரத்தில் நிறவெறிச் சட்டம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். ஐந்தாறு தலைமுறை இத்தனைக்கும் நடுவில் கோயிலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, விமானத்தில் வந்து இறங்கிய நாம் சான்றிதழ் கேட்கிறோம். நீங்கள் என்2-வில் தெற்கே திரும்பியதும் அந்த இசிப்பிங்கோவைத் தாண்டித்தான் போயிருக்கிறீர்கள்.

டர்பனிலேயே கேட்டோ மேனர் பகுதியில் பெல்லேர் சாலையில் அம்பலவாணர் ஆலயம் இருக்கிறது. 1875-இல் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டியது, ஆப்பிரிக்காவிலேயே முதல் இந்துப் பொதுக் கோயில் என்பார்கள். வெள்ளம் கொண்டுபோனது. 1947-இல் இப்போதிருக்கும் இடத்தில் மறுபடி கட்டினார்கள், பழைய கோயிலின் கதவை எடுத்து வந்து மாட்டினார்கள். பிறகு, இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்ற குழுப் பகுதிச் சட்டம் வந்து, சுற்றியிருந்த குடும்பங்களை எல்லாம் லாரியில் ஏற்றி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிவிட்டது. வீடுகள் போயின. கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது, ஆட்கள் இன்றும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் கதவுக்கு முன்னால் நின்றால் கைகூப்பத் தோன்றும், சாமி நம்பிக்கை இல்லாதவர்களுக்கும்.

கிரே தெருவில், இப்போது யூசுஃப் தாதூ தெரு, ஜும்மா பள்ளிவாசலும் கத்தோலிக்கப் பேராலயமும் ஏறக்குறைய முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. நடுவில் மதரஸா ஆர்கேட். அந்தச் சந்தில் துணிக்கடை, பித்தளைப் பாத்திரம், தையல் மெஷின் சத்தம். வெளியே வந்தால் கால்வாசி ரொட்டியில் ஒரு மட்டன் பன்னி சௌ. ரொட்டியின் நடுவைக் குடைந்து கறியை ஊற்றித் தருவார்கள், கையால்தான் சாப்பிட வேண்டும். எல்லா யூடியூபர்களும் இதை மட்டும் சாப்பிட்டு "காரம் காரம்" என்று கண்ணைக் கசக்கிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் அதுகூடச் செய்யவில்லை.

"இவர் டர்பன்காரர், அதனால் விட்டுக்கொடுக்க மாட்டார்" என்று சொல்லப் போகிறீர்கள். ஆமாம், விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இது டர்பன் பெருமை பற்றிய சண்டை என்று நினைக்காதீர்கள். ஜோபர்க்கையும் நீங்கள் பார்க்கவில்லை. பிராம்ஃபொன்டைன் கல்லறைத் தோட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மை படுத்திருக்கிறாள். 1913 சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு மாரிட்ஸ்பர்க் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) சிறையில் கடின வேலை செய்து, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல் செத்துப்போனவள். பதினாறு வயது. இன்னொரு சத்தியாகிரகி நாகப்பனும் அங்கேதான். உங்கள் வீட்டிலிருந்து வண்டியில் எவ்வளவு தூரம் இருக்கும்? குழுவில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள் என்று கேட்டேன், ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டார். என்3-யில் வரும்போது அந்த மாரிட்ஸ்பர்க்கையும் தாண்டித்தான் வந்தீர்கள். காந்தியை 1893 ஜூன் 7 ராத்திரி ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஸ்டேஷன் அங்கே இருக்கிறது. அதற்கும் வண்டி நிற்கவில்லை.

"பைக் பயணம் மனசுக்கு அமைதி தேடுகிற பயணம், அதில் வரலாற்றுப் பாடம் எதற்கு" என்று ஒரு நண்பர் நேற்று போனில் சொன்னார். நல்ல மனிதர், மதிக்கிறேன். மலையில் அமைதி கிடைக்கும், எனக்கும் அது வேண்டும், வருடா வருடம் டிராகன்ஸ்பெர்குக்குப் போகிறேன். ஆனால் அந்த அமைதி டர்பனில் கெட்டுப்போகும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? ஒரு தெருவில் மெதுவாக நடப்பதற்கும் மனசு வேண்டும். டெண்ட் போட்டுத் தூங்கத் தெரிந்தவருக்கு அது வராமலா போகும்?

வீடியோவை எடுக்கச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கவும் சொல்லவில்லை. "ஒன்றும் இல்லை" என்ற அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிடுங்கள். அதைச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். உங்கள் தமிழைக் கேட்டுப் பழகச் சொல்லி நான்தான் உங்கள் சேனலை அவர்களுக்குக் காட்டியிருந்தேன்.

பார்க்கிங், வழி எல்லாம் கேட்டு உள்பெட்டிக்கு வந்தவர்களுக்கு: ஈஸ்டருக்கு வருவதாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள். ஸ்காட்பர்கில் அந்த வாரம் இடம் கிடைக்காது, எங்கள் வீட்டுப் பின்பக்கம் நாலு டெண்ட் போடலாம், வண்டிகளை உள்ளே நிறுத்திக் கேட்டைப் பூட்டிவிடலாம். வெள்ளிக்கிழமை காலை இசிப்பிங்கோ, சனிக்கிழமை விடிந்ததும் வார்விக். வீடியோ எடுத்தவர்களுக்கும் இதே அழைப்புதான்.