ஈர்ப்புக்குக் காரணம் சோகக் கதை அல்ல
பேட்மேன் கதைகளில் வரும் ஜோக்கர் போன்ற வில்லன்களின் துயரமான கடந்தகாலமே ரசிகர்களை அவர்கள்பால் இழுக்கிறது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1940இல் ‘பேட்மேன்’ சித்திரக்கதையின் முதல் இதழில் ஜோக்கர் அறிமுகமானபோது அவனுக்கு முன்கதையே கிடையாது. அந்த இதழிலேயே சாகவிருந்தவனை, இத்தகைய பாத்திரத்தை வீணாக்கக் கூடாது என்று பதிப்பாசிரியர்தான் காப்பாற்றினார். 2008இல் வெளிவந்த ‘தி டார்க் நைட்’ என்ற பேட்மேன் படத்திலோ, தன் வாயோரத் தழும்புக்குத் தந்தையே காரணம் என்று ஒருவரிடமும், மனைவிக்காகத் தானே கிழித்துக்கொண்டதாக இன்னொருவரிடமும் கத்தியை நீட்டியபடி சொல்கிறான். இரண்டையும் நம்ப முடியாது என்று தெரிந்த பிறகும் நாம் அவனிடமிருந்து கண்ணை எடுப்பதில்லை. அடுத்து என்ன செய்வான் என்று ஊகிக்கவே முடியாத பதற்றமும், எதற்கும் விலைபோகாத அவனது துணிச்சலுமே உண்மையான ஈர்ப்பு என்பேன். அதே படத்தில் மலைபோல் குவிந்த பணத்துக்கு அவன் தீ வைக்கும்போது நாம் மூச்சடக்கிப் பார்ப்பது நிச்சயமாக இரக்கத்தால் அல்ல.